பொய் சொல்லாத விஞ்ஞானி மட்டும் போதுமா?

விஞ்ஞானிகளோட தொழில் தர்மம்னு பேச்சு வந்தா எல்லாரும் ரெண்டு விஷயம் சொல்வாங்க. ஒண்ணு, அடுத்தவர் கட்டுரையைச் சுட்டுத் தன் பேர்ல போடக் கூடாது. ரெண்டு, வராத ரிசல்ட்டை வந்த மாதிரி எழுதக் கூடாது. ரெண்டும் சரிதான். ஆனா இந்த ரெண்டு தப்பையும் பண்ணாம, ஒரு வரி கூடப் பொய் எழுதாம, ஒரு விஞ்ஞானியால ஊருக்கே கெடுதல் பண்ண முடியும். இதுதான் இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது. இதைச் சொல்ல ஒரு பழைய கதை வேணும். கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

கதை பெட்ரோல்ல ஈயம் கலந்தது பத்தி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடறேன். "எங்க பாட்டி ஈயச்சொம்புல ரசம் வச்சாங்களே, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு யாராவது கேட்பீங்க. அந்தச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்றது காரீயம். ரெண்டும் வேற வேற உலோகம். காரீயம் மூளைக்கும் நரம்புக்கும் விஷம், அதுலயும் சின்னக் குழந்தைகளுக்கு ரொம்பவே. இவ்வளவுக்குக் கீழ போனா ஆபத்தே இல்லைன்னு சொல்ற மாதிரி ஒரு அளவு தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

இப்பக் கதை. 1921ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல தாமஸ் மிட்ஜ்லின்னு ஒருத்தர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். இன்ஜின் லோடு இழுக்கும்போது 'டக் டக்'னு அடிக்குமே, மெக்கானிக்குங்க நாக்கிங்னு சொல்வாங்களே, அது டெட்ராஎத்தில் லெட்ங்கிற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சூண்டு கலந்தா நின்னுடும். ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் அடங்கும்னு அப்பவே தெரியும். ஆனா ஆல்கஹாலை யார் வேணும்னாலும் காய்ச்சலாம். ஈயத்துக்குக் காப்புரிமை வாங்கலாம். (நம்ம ஊர் பங்க்ல இன்னிக்கு 20 சதவீதம் எத்தனால் கலந்து வருது. நூறு வருஷம் சுத்தி அங்கேயே வந்து நிக்கிறோம்.)

விக்கும்போது 'எத்தில்'னு பேர் வச்சாங்க. பேர்ல ஈயமே இல்ல!

1924 அக்டோபர்ல நியூஜெர்சியில பேவே சுத்திகரிப்பு ஆலையில இந்தச் சரக்கைத் தயாரிச்ச தொழிலாளிகள் அஞ்சு பேர் புத்தி பேதலிச்சு, பிரமை பிடிச்சு செத்துப் போனாங்க. இன்னும் பல பேர் ஆஸ்பத்திரியில. பத்திரிகைகள் கேள்வி கேட்க ஆரம்பிச்சதும் மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டு, அவங்க முன்னாடியே அந்தத் திரவத்துல கையைக் கழுவி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். அதுக்கு முந்தின வருஷம்தான் ஈய பாதிப்பால உடம்பு கெட்டு அவரே ஓய்வுக்குப் போய்ட்டு வந்திருந்தார்!

ஆனா என் பதிவோட வில்லன் மிட்ஜ்லி இல்ல. அவர் பண்ணது பச்சையா தெரியற தப்பு. அடுத்து வர்றவர்தான் முக்கியம்.

ராபர்ட் கீஹோ. டாக்டர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்துல கெட்டரிங் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அதே சமயம் எத்தில் கம்பெனிக்கு மருத்துவ ஆலோசகர். ஆய்வுக்கூடத்துக்குப் பணம் வந்ததும் ஈயம் விக்கிற பக்கத்துல இருந்துதான்.

1925 மே மாசம் அரசாங்கம் ஒரு மாநாடு கூட்டுச்சு. தொழிற்சாலை நோய்கள்ல பெரிய நிபுணரான ஆலிஸ் ஹாமில்டன் (ஹார்வர்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் பேராசிரியர்) எழுந்து எதிர்த்தார். தொழிற்சாலைக்குள்ள இருக்கிற ஈயத்தையே கட்டுப்படுத்த முடியலை, இதைத் தெருவெல்லாம் தூவினா எப்படிக் கட்டுப்படுத்துவீங்கங்கிறது அவரோட கவலை. கீஹோ தரப்பு வேற மாதிரி பேசுச்சு. கெடுதல்னு நிரூபிங்க, அப்போ நிறுத்திடறோம். நிரூபிக்காத வரைக்கும் விற்பனை நடக்கும்.

கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! ஆதாரம் கேட்கிறதுதானே அறிவியல்?

இங்கதான் சூட்சுமம். அந்த ஆதாரத்தைத் தேட யார்கிட்ட பணம் இருந்துச்சு? அரசாங்கக் குழு 1926ல கொடுத்த அறிக்கை, தடை பண்ண இப்போதைக்குப் போதுமான காரணம் இல்லை, ஆனா அரசாங்கச் செலவுல ஆய்வு தொடரணும்னு சொல்லுச்சு. அந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்கவே இல்ல. அதனால அடுத்த நாப்பது வருஷம் ஈயத்தைப் பத்தின ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரே இடத்துல, கீஹோவோட கூடத்துல நடந்துச்சு. கேள்வி கேட்கிறவரும் அவரே, பதில் சொல்றவரும் அவரே, திருவிளையாடல் தருமி மாதிரி. என்ன, அதுல பரிசுப் பணம் கொடுத்தது மண்டபத்துக்குச் சொந்தக்காரர் இல்ல.

கீஹோ பொய்க் கணக்கு எழுதினார்னு நான் சொல்லலை. அளந்ததை அளந்தபடிதான் எழுதினார். மெக்சிகோவுல மோட்டார் புகையே படாத கிராமத்து ஜனங்களைச் சோதிச்சார். அவங்க உடம்புலயும் ஈயம். ஆகவே மனுஷ உடம்புல ஈயம் இருக்கிறது இயற்கைன்னு முடிவு பண்ணினார். அந்த ஜனங்க சோறு தின்னது ஈயப் பூச்சு போட்ட மண் பாண்டத்துல! ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ஆளுங்களே விஷத்துல இருந்தவங்க. எண் சரி, அதுலேர்ந்து எடுத்த முடிவு தப்பு. அந்த முடிவு யாருக்குச் சாதகம்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ ரெண்டாவது ஆள் வர்றார். கிளேர் பேட்டர்சன். இவருக்கும் பெட்ரோலுக்கும் ஆரம்பத்துல ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. இவர் தேடினது பூமிக்கு என்ன வயசுங்கிறதை. விண்கல்லுல இருக்கிற ஈய ஐசோடோப்புகளை அளந்தா வயசு தெரிஞ்சிடும். யுரேனியம் சிதைஞ்சு ஈயம் ஆகிற வேகம் தெரியுமே, அதை வச்சுக் கணக்கு. பாடத்தோட பார்த்தா சுலபம். ஆனா அளக்க அளக்க எண்ணிக்கை எகிறுது. இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிக ஈயம். காத்துல, தண்ணியில, கண்ணாடிக் குடுவையில, அவரோட தலைமுடியிலன்னு எங்க பார்த்தாலும் ஈயம். வருஷக்கணக்கா தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி, கால்டெக்ல உலகத்துலயே சுத்தமான ஆய்வறைகள்ல ஒண்ணைக் கட்டினார். அப்புறம்தான் பதில் கிடைச்சுது. 455 கோடி வருஷம். 1956ல பிரசுரம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த எண் பெருசா மாறலை.

இத்தோட அவர் நிறுத்தியிருக்கலாம். பூமிக்கு வயசு சொன்னவர்னு பேர். பாடப்புத்தகத்துல இடம். நிம்மதியா ரிட்டயர் ஆகியிருக்கலாம்.

ஆனா அவருக்கு ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. என் ஆய்வறையில இவ்வளவு ஈயம் எங்கேருந்து வந்துச்சு? கடல் தண்ணியை அளந்தார். மேல்மட்டத்துல ஆழத்தை விட அதிகம். அப்போ இது புதுசா மேலேருந்து விழுந்தது. கிரீன்லாந்துல அடுக்கடுக்கா உறைஞ்ச பனியைத் தோண்டி எடுத்து அளந்தாங்க. 1969ல வந்த அந்தக் கட்டுரைப்படி, கி.மு. 800 காலத்துப் பனியை விட 1965 பனியில ஈயம் இருநூறு மடங்குக்கு மேல. அதுலயும் 1940க்கு அப்புறம் செங்குத்தா ஏறுது. கீஹோ சொன்ன 'இயற்கை' எப்படிப்பட்ட இயற்கைன்னு புரிஞ்சுடுச்சு.

1965லேயே அவர் ஒரு கட்டுரையில தெளிவா எழுதிட்டார். சராசரி அமெரிக்கர் உடம்புல இருக்கிற ஈயம் இயற்கையா இருக்க வேண்டியதைப் போல நூறு மடங்குன்னு. 1966ல செனட் குழு முன்னாடி சாட்சி சொன்னார். அதே விசாரணையில கீஹோவும் சாட்சி சொன்னார். வழக்கமா எது இருக்கோ அதுதான் இயற்கைன்னு ஒருத்தர். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கன்னு இன்னொருத்தர்.

பேட்டர்சனுக்கு என்ன கிடைச்சுது? அவர் கடல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துக்கிட்டிருந்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் பணத்தை நிறுத்துச்சு. பொது சுகாதாரத் துறை ஒப்பந்தமும் போச்சு. 1971ல காத்துல இருக்கிற ஈயத்தைப் பத்தி அறிக்கை கொடுக்க அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு குழு போட்டப்போ, அந்த விஷயத்துல உலகத்துலயே அதிகம் தெரிஞ்ச மனுஷனுக்கு அதுல இடம் இல்ல.

"நீ மண்ணு கல்லு பார்க்கிறவன், மருத்துவம் உனக்கு எதுக்கு?" இதான் அவர் மேல வச்ச பெரிய விமர்சனத்தோட சாரம். இந்த வாதத்தை நம்ம ஆபீஸ்ல, நம்ம தெருவுல கேட்காத ஆள் உண்டா? "உன் வேலையைப் பாருய்யா".

இன்னொருத்தரையும் சொல்லணும். ஹெர்பர்ட் நீடில்மேன், குழந்தைகள் மனநல மருத்துவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளோட விழுந்த பால் பற்களைச் சேகரிச்சு, அதுல ஈயத்தை அளந்து, அதிக ஈயம் இருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறனும் கவனமும் குறைவுன்னு 1979ல காட்டினார். வெளியில எந்த நோயும் தெரியாத, சாதாரணமா ஓடி விளையாடுற பிள்ளைங்க அவங்க. 1990களின் ஆரம்பத்துல அவர் மேல ஆராய்ச்சி மோசடின்னு புகார் வந்துச்சு. புகார் கொடுத்தவங்க ஈயக் கம்பெனிகளுக்காக நீதிமன்றத்துல சாட்சி சொன்னவங்க. இந்த மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? விசாரணையைக் கதவைத் திறந்து வச்சு நடத்துங்கன்னு போராடி வாங்கினார். மோசடி எதுவும் இல்லைன்னு முடிவாச்சு.

அமெரிக்காவுல 1970களில் ஈயத்தைக் குறைக்க ஆரம்பிச்சாங்க. அந்த நாட்டு மக்களோட ரத்தத்துல சராசரி ஈய அளவு 1976-80ல ஒரு டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராம். 1988-91ல 2.8. (டப்பா உணவுக்கு ஈயப் பற்று வைக்கிறதை நிறுத்தினதும் ஒரு காரணம்.) 1996ல சாலை வண்டிகளுக்கு முழுத் தடை. நம்ம நாட்டுல 1995 ஏப்ரல் 1ஆம் தேதி டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நாலு ஊர்ல ஈயமில்லாப் பெட்ரோல் வந்துச்சு. 2000 பிப்ரவரியில நாடு முழுக்க. அதுக்கு முன்னாடி மவுண்ட் ரோடுல பஸ்ஸுக்கு நின்ன நம்ம எல்லாரும் அந்தப் புகையைத் தின்னவங்கதான். உலகத்துல கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா, 2021ல. மிட்ஜ்லி கண்டுபிடிச்சு சரியா நூறு வருஷம்!

சரி, கருத்துக்கு வர்றேன்.

கீஹோவும் பேட்டர்சனும் ரெண்டு பேருமே அளந்தாங்க, ரெண்டு பேருமே அளந்ததை எழுதினாங்க. வித்தியாசம் எங்கன்னா, சந்தேகம் வந்தா அதோட லாபம் யாருக்குப் போகணும்ங்கிறதுல. தெரியாத வரைக்கும் கம்பெனி விக்கட்டும்னார் கீஹோ. தெரியாத வரைக்கும் குழந்தை மூச்சு விடற காத்துல கலக்காதேன்னார் பேட்டர்சன். இந்த முடிவை எந்தக் கருவியும் எடுத்துத் தராது. அது ஒரு தர்ம முடிவு. விஞ்ஞானின்னா இதை எடுக்காம இருக்க முடியாது. "நான் டேட்டா மட்டும்தான் கொடுக்கறேன், முடிவு உங்களோடது"ன்னு சொல்றவரும் ஒரு முடிவு எடுத்துட்டார்னு அர்த்தம்.

இது ஏதோ அமெரிக்காவுல நடந்த பெரிய மனுஷங்க கதைன்னு நினைச்சுடாதீங்க. என் கல்லூரி நண்பன் ஒருத்தன் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்தான். எந்த ஊர், எந்தக் கூடம்னு கேட்காதீங்க. குடிதண்ணியில ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அவங்ககிட்ட இருந்த பழைய கருவி 0.05க்குக் கீழ எதையும் காட்டாது. ரிப்போர்ட்ல என்ன போடுவாங்க? 'கண்டறியப்படவில்லை'.

யோசிச்சுப் பாருங்க. அதுல ஒரு எழுத்து கூடப் பொய் இல்ல. கருவி கண்டுபிடிக்கலை, அவ்வளவுதான். தண்ணியில அனுமதிச்ச அளவைப் போல நாலு மடங்கு இருந்தாலும் அதே வரிதான் வரும். "கருவியோட எல்லை இவ்வளவுன்னு பக்கத்துலயே ஒரு வரி போட்டுடலாம் சார்"னு இவன் கேட்டிருக்கான். "கஸ்டமர் கேட்காததை நாம ஏன்ப்பா எழுதணும்?"னு பதில். ரெண்டு மூணு தடவை கேட்டுப் பார்த்துட்டு வேலையை விட்டுட்டான். அந்த ரிப்போர்ட்டைக் கையில வாங்கிட்டுப் போய்ப் பிள்ளைக்குப் பால் பவுடர் கரைக்கிற அம்மாவுக்கு 'கண்டறியப்படவில்லை'ன்னா 'இல்லை'ன்னுதானே அர்த்தம்? அவங்க என்ன அர்த்தம் எடுத்துப்பாங்கன்னு எழுதறவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் எழுதினா அது கீஹோ வேலை.

இப்போ சில பேர் பின்னூட்டத்துல வந்து கேட்பீங்க. "அப்போ சந்தேகம் வந்த உடனே ஒவ்வொரு விஞ்ஞானியும் மைக் பிடிச்சா நாடு தாங்குமா? தடுப்பூசி மேல பழி போட்டாரே ஒருத்தர்?" நியாயமான கேள்வி. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. 1998ல பன்னெண்டே பன்னெண்டு குழந்தைகளை வச்சு எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டார். 2010ல லான்செட் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் அவரோட டாக்டர் பதிவும் ரத்தாச்சு. அதுக்குள்ள எத்தனையோ பெத்தவங்க ஊசி போடப் பயந்துட்டாங்க.

வேக்ஃபீல்டும் வாயைத் திறந்தார், பேட்டர்சனும் வாயைத் திறந்தார். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? எனக்குத் தெரிஞ்ச வழி ரெண்டு. ஒண்ணு, பணம். தடுப்பூசிக் கம்பெனிகள் மேல வழக்குப் போட இருந்த வக்கீல் தரப்புல பணம் வாங்கினதை வேக்ஃபீல்டு மறைச்சார். பேட்டர்சனுக்குப் பேசினதால இருந்த பணமும் போச்சு. ரெண்டு, கதவு. என் முறை இது, வந்து நீங்களும் அளந்து பாருங்கன்னு சொல்றவங்களா? பேட்டர்சன் சொன்னதை மத்தவங்களும் சுத்தமான அறை கட்டி அளந்து பார்த்தாங்க, அதேதான் வந்துச்சு. வேக்ஃபீல்டு சொன்னதை லட்சக்கணக்கான குழந்தைகளை வச்சுப் பல நாட்டுல சோதிச்சாங்க, எதுவும் வரலை. அதனால வாயைத் திறக்கிற கடமையும் கதவைத் திறந்து வைக்கிற கடமையும் சேர்ந்தே வரணும்.

ரெண்டும் சேர்ந்து வந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. வங்கதேசம். கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்கள் ரத்தத்துல ஏன் இவ்வளவு ஈயம்னு ஸ்டான்ஃபோர்டு ஆட்களும் டாக்காவுல இருக்கிற ஐசிடிடிஆர்-பி ஆய்வு மையமும் தேடினாங்க. கிடைச்ச குற்றவாளி மஞ்சள் தூள்! 1980களில் வெள்ளத்துல நனைஞ்சு நிறம் மங்கின மஞ்சளைப் பளிச்னு காட்ட லெட் குரோமேட்ங்கிற சாயத்தைக் கலக்க ஆரம்பிச்சு, அப்படியே வழக்கமாயிடுச்சு. ரத்தத்துல இருந்த ஈயமும் மஞ்சள்ல இருந்த ஈயமும் ஒண்ணான்னு எப்படிப் பார்த்தாங்க தெரியுமா? ஐசோடோப்பு வச்சு. பேட்டர்சன் விண்கல்லுக்கு வயசு பார்த்த அதே வித்தை. "பூமிக்கு வயசு தெரிஞ்சு என்னய்யா பண்ணப் போறோம், அந்தக் காசுல நாலு ரோடு போடலாமே"ன்னு கேட்கிறவங்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன் :-)

அவங்க 2019ல கட்டுரை போட்டாங்க. அத்தோட அடுத்த கட்டுரைக்குப் போகலை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள்கிட்ட போனாங்க, பத்திரிகைகள்கிட்ட போனாங்க. சந்தையில நோட்டீஸ் ஒட்டினாங்க, கையில பிடிச்சுப் பார்க்கிற கருவியோட அதிகாரிகள் சோதனை போட்டாங்க, கலப்படம் பண்ணவங்களுக்கு அபராதம் போட்டாங்க. 2019ல சந்தையில எடுத்த மாதிரிகள்ல 47 சதவீதத்துல ஈயம் இருந்துச்சு. 2021ல பூஜ்யம். பெட்ரோலுக்கு நூறு வருஷம். மஞ்சளுக்கு ரெண்டே வருஷம்.

அறிவியலால பொது ஜனங்களுக்கு என்ன லாபம்னு கேட்டா ராக்கெட்டையும் செல்போனையும் காட்டறோம். நான் இந்த 47ஐயும் பூஜ்யத்தையும் காட்டுவேன். கண்டுபிடிப்பு தானா ஜனங்ககிட்ட வந்து சேராது. தெரிஞ்சவங்க அடுத்த கட்டுரையை ஒத்திப் போட்டுட்டு, கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்லைன்னு வெளியில வந்து சொன்னாத்தான் வந்து சேரும்.

அதுக்காக எல்லாப் பாரத்தையும் அவங்க தலையிலேயே வைக்கிறதும் நியாயம் இல்ல. பேட்டர்சனுக்குக் கால்டெக்ல வேலை நிலைச்சது, அதனால தாக்குப் பிடிச்சார். என் நண்பனுக்கு அப்படி ஒண்ணும் இல்ல, வெளியில வந்துட்டான். இப்போ அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உட்கார்ந்து அதே வரியை எழுதிக்கிட்டிருப்பார். பேசறவங்களோட சம்பளத்தைக் காப்பாத்த ஒரு ஏற்பாடு வேணும். யாரோட ஆய்வுக்கு யார் பணம்ங்கிறது முதல் பக்கத்துலயே தெரியணும். கம்பெனி காசு வாங்காத ஆராய்ச்சிக்கு நம்ம வரிப்பணம் போகணும். 1926ல அந்தப் பணத்தை ஒதுக்காததுக்கு உலகம் எவ்வளவு விலை கொடுத்துச்சுன்னு பார்த்தாச்சு.

நம்ம பங்குக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை 'ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை'ன்னு எங்க படிச்சாலும், ரெண்டு கேள்வி கேளுங்க. தேடிப் பார்த்து இல்லையா, தேடவே இல்லையா? தேடினவருக்குச் சம்பளம் யார் கொடுத்தாங்க?

நம்ம பதிவர்கள்லயே லேப்ல வேலை பார்க்கிறவங்க, வாத்தியார்கள், பார்மா கம்பெனி ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க. 'கண்டறியப்படவில்லை' மாதிரி வரிகள் உங்க துறையில என்னென்ன இருக்கு? கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், வரியை மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒரு பட்டியலாப் போட்டு வச்சா, படிக்கிற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு உதவும்.